மக்கெரேரே: ஒரே வகுப்பறை, இரண்டு கணக்கு

1945 செப்டம்பர் 5-ஆம் தேதி காலை. உகாண்டாவின் கம்பாலா நகரில், நமிரெம்பே குன்றின் மேல் இருக்கும் பேராலயத்துக்கு வழிபாட்டுக்கு வந்த மார்ட்டின் லூதர் நிசிபிர்வாவை வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவர் உகாண்டாவுக்குள்ளேயே இருக்கும் புகாண்டா அரசின் கத்திக்கிரோ. நம் ஊர் சமஸ்தானங்களில் திவான் என்போமே, கிட்டத்தட்ட அந்தப் பதவி. முந்தின நாள்தான் புகாண்டாவின் சபையான லுக்கீக்கோவில் ஒரு சட்டம் நிறைவேறியிருந்தது. பொதுத் தேவைக்காக அரசு நிலம் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அந்தப் பொதுத் தேவை வேறொன்றும் இல்லை, பக்கத்துக் குன்றில் இருந்த மக்கெரேரே கல்லூரியின் விரிவாக்கம்தான்.

கல்லூரி என்று ஆரம்பித்து வெள்ளைக்காரன் மொத்த நிலத்தையும் சுருட்டிவிடுவான் என்று ஜனங்கள் பயந்தார்கள். பக்கத்து நாடான கென்யாவில் நல்ல நிலமெல்லாம் எப்படிப் போனது என்று பார்த்தவர்கள் அவர்கள். பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. சட்டத்தை நிறைவேற்றிக் கொடுத்தவரின் உயிர் போனது, நிலம் கல்லூரிக்கு வந்தது. இன்று அந்த வளாகத்தில் நிசிபிர்வா பெயரில் ஒரு மாணவர் விடுதி இருக்கிறது. அதற்கு முன்னால் அந்த விடுதிக்கு நார்த்கோட் என்று ஆங்கிலேயப் பெயர்.

ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் என்றால் நம்மிடம் இரண்டே சித்திரங்கள்தான் உலவுகின்றன. ஒன்று, ‘அந்தக் காலத்தில் ஓகோவென்று இருந்தது, இப்போது எல்லாம் போச்சு’ என்ற புலம்பல். இன்னொன்று, ‘இப்போதுதான் எழுந்து வருகிறார்கள்’ என்ற முதுகு தட்டல். மக்கெரேரேயின் நூறு வருடக் கதையை இரண்டிலும் அடைக்க முடியாது. அதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து ஒரு கேள்வி போதும். மாணவருக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை மாறிய ஒவ்வொரு முறையும் அங்கே பாடம் மாறியது, வாத்தியார் மாறினார், வகுப்பு நடக்கும் நேரம்கூட மாறியது.

தொடக்கம் ரொம்பச் சின்னது. 1922-இல் தச்சு, கட்டட வேலை, இயந்திர வேலை கற்றுக்கொடுக்கும் தொழில் பள்ளியாக அது பிறந்தது. முதலில் வந்த மாணவர்கள் 14 பேர். அப்புறம் மருத்துவ உதவியாளர் பயிற்சி, விவசாயம், கால்நடை, ஆசிரியர் பயிற்சி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. காலனி அரசுக்கு மேலே இருக்க வெள்ளையர் உண்டு, கீழே மூட்டை தூக்க ஆள் உண்டு. நடுவில் கணக்கு எழுத, ஊசி போட, பாடம் நடத்த ஆள் வேண்டியிருந்தது. அந்த நடு ஆளைத் தயாரிக்கத்தான் பள்ளி. அன்றைய குறிக்கோள் வாசகம் ‘நாம் ஆண்களாய் இருப்போம்’. 1945-இல் ஆறு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். வாசகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ‘எதிர்காலத்துக்காகக் கட்டுகிறோம்’ என்று மாற்றினார்கள். இன்றுவரை அதுதான்.

1949-இல் அது லண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியானது. கேள்வித்தாள், பாடத்திட்டம், பட்டம் எல்லாவற்றிலும் லண்டன் முத்திரை. 1963-இல் நைரோபி, தாருஸ்ஸலாம் கல்லூரிகளோடு சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகமாக ஆனது. 1970-இல் அந்தக் கூட்டுக்குடும்பம் பிரிந்தது, மக்கெரேரே தனி வீடு எடுத்துக்கொண்டது. ஒரு நாட்டுக்கு ஒரு கொடி, ஒரு விமான நிறுவனம், ஒரு பல்கலைக்கழகம் என்பது அந்தக் காலத்து மோகம்.

அந்த இருபது வருடத்தைத்தான் எல்லோரும் பொற்காலம் என்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஆள் பட்டியல் கனமானதுதான். தான்சானியாவின் நைரேரே, உகாண்டாவின் ஒபோட்டே, கென்யாவின் கிபாக்கி, தான்சானியாவின் ம்காப்பா என்று நாட்டுத் தலைவர்கள் நான்கு பேர் அந்தக் காலத்திலும் அதற்குச் சற்று முன்பும் இந்தக் குன்றில் படித்தவர்கள். கிபாக்கி அங்கேயே பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவரும்கூட. கல்லூரியோடு சேர்ந்த முலாகோ மருத்துவமனையில் வேலை பார்த்த டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு வகைப் புற்றுநோயைப் பற்றி 1958-இல் எழுதினார். இன்று உலகம் முழுக்க அந்த நோய்க்கு அவர் பெயர்தான். 1962 ஜூனில், ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் கண்டம் முழுவதிலிருந்தும் வந்து இங்கே கூடினார்கள். ஆப்பிரிக்க இலக்கியத்தை எந்த மொழியில் எழுதுவது என்ற சண்டைக்கு அந்தக் கூட்டமும் ஒரு தொடக்கம். ‘ஆப்பிரிக்காவின் ஹார்வர்டு’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. யாரோ புகழ்ந்து வைத்த பெயர்தான், ஆனால் அதில் ஒரு அளவுகோலும் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் யாரும் ஹார்வர்டை ‘அமெரிக்காவின் மக்கெரேரே’ என்று சொல்லிப் பார்த்ததில்லை.

அந்தக் காலத்துப் பணக் கணக்கு எளிமையானது. அரசு எல்லாம் கட்டியது. படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு, ஊருக்குப் போய்வரப் பஸ் காசு, அது போகக் கைச்செலவுக்கும் ஒரு தொகை. மாணவர்கள் அந்தக் கைச்செலவுப் பணத்துக்கு ‘பூம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மாணவர் எண்ணிக்கை சில ஆயிரம்தான். வெளியேறிய பிரிட்டிஷ் அதிகாரிகளின் நாற்காலிகள் காலியாக இருந்தன, பட்டம் வாங்கியவருக்கு வேலை காத்திருந்தது. ஆக, அரசு தனக்கு வேண்டிய ஊழியரை முன்பணம் கொடுத்து வளர்த்தது என்று வைத்துக்கொள்ளலாம். பாடங்களும் அந்தக் கணக்குப்படியே இருந்தன. மருத்துவம், சட்டம், விவசாயம், நிர்வாகத்துக்கு ஏற்ற கலைப் படிப்புகள்.

1971 ஜனவரியில் இடி அமீன் ஆட்சியைப் பிடித்தார். பல்கலைக்கழகத்தின் வேந்தர் பதவியிலும் அவரே உட்கார்ந்துகொண்டார். 1972 ஆகஸ்டில் ஆசியர்கள் 90 நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெரும்பாலும் குஜராத்திகள். கடைகளோடு வகுப்பறைகளும் காலியாயின. அதே வருடம் அக்டோபரில் துணைவேந்தர் ஃபிராங்க் கலிமுசோவை அமீனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. 1976 ஆகஸ்டில் ராணுவம் வளாகத்துக்குள் புகுந்து மாணவர்களை அடித்து நொறுக்கியது. வெளிநாட்டு ஆசிரியர்கள் போய்விட்டார்கள், உள்ளூர் ஆசிரியர்களில் முடிந்தவர்கள் நைரோபிக்கும் லண்டனுக்கும் போனார்கள். இவ்வளவுக்குப் பிறகும் பல்கலைக்கழகம் மூடப்படாமல் நடந்தது என்பதை நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. யாரோ சிலர் தினமும் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறார்கள்.

அமீன் போன பிறகும் நிம்மதி இல்லை. உள்நாட்டுப் போர் முடிந்து 1986-இல் முசெவேனி அதிபராக வந்தபோது கருவூலம் காலி. ஷில்லிங்கின் மதிப்பு தரையில் கிடந்தது. பேராசிரியரின் மாதச் சம்பளம் குடும்பத்தின் சாப்பாட்டுச் செலவுக்கே சில வாரம் தாண்டாது. கோழி வளர்த்தார்கள், டாக்ஸி ஓட்டினார்கள், வாழைத்தோட்டம் போட்டார்கள். அங்கே வாழைக்காய்தான் சோறு, மாத்தோக்கே என்பார்கள். வகுப்பு எடுப்பது பக்கத்து வேலையாகிவிட்டது.

இதே காலத்தில் உலக வங்கி ஆப்பிரிக்க அரசுகளிடம் ஒரு கணக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு டாலரை ஆரம்பக் கல்வியில் போட்டால் நாட்டுக்குத் திரும்பி வருவது அதிகம், பல்கலைக்கழகத்தில் போட்டால் குறைவு, அதனால் உயர்கல்விச் செலவைக் குறையுங்கள் என்பது அதன் வாதம். ஆப்பிரிக்காவுக்குப் பல்கலைக்கழகம் ஆடம்பரம் என்ற பேச்சு துணைவேந்தர்கள் காதுபடவே நடந்தது. 2000-இல் அதே வங்கி யுனெஸ்கோவோடு சேர்ந்து அமைத்த குழு, அந்தக் கணக்கு குறுகலானது, உயர்கல்வியைப் புறக்கணித்தது தவறு என்று சொன்னது. சொன்னதென்னவோ சரி. அதற்குள் பதினைந்து வருடம் ஓடிவிட்டது.

உகாண்டாவில் கத்தி முதலில் விழுந்தது ‘பூம்’ மேல். கைச்செலவும் பஸ் காசும் நிறுத்தப்பட்டன. 1990 டிசம்பரில் மாணவர்கள் போராட, போலீஸ் சுட்டதில் இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். பல்கலைக்கழகம் மூடப்பட்டது. மறுபடி திறந்தபோது பழைய ஏற்பாடு இனிமேல் திரும்பாது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அடுத்து நடந்ததுதான் விஷயம். 1990-களின் தொடக்கத்தில் மக்கெரேரே ஒரு கதவைத் திறந்தது. அரசு உதவித்தொகைப் பட்டியலில் வராதவர்கள் காசு கட்டிச் சேரலாம். பகலில் வகுப்பறையில் அரசு மாணவர்கள் இருக்கிறார்கள், சரி, மாலையில் அறை சும்மாதானே இருக்கிறது? சட்டம், வணிகம் போன்ற துறைகளில் மாலை வகுப்புகள் ஆரம்பமாயின. வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியர், அமைச்சக குமாஸ்தா எல்லோரும் வேலை முடிந்து வந்து சேர்ந்தார்கள். வருஷக்கணக்காகக் கதவுக்கு வெளியே நின்ற கூட்டம் அது. நம் ஊர்ச் சொல்லில் சுயநிதிப் படிப்பு. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. நமக்குச் சுயநிதி என்றால் பெரும்பாலும் வேறு கல்லூரி, வேறு முதலாளி. அங்கே அதே அரசுப் பல்கலைக்கழகம், அதே மேசை, அதே வாத்தியார், நேரம் மட்டும் வேறு.

1990-களின் ஆரம்பத்தில் ஏழாயிரம் அளவில் இருந்த மாணவர் எண்ணிக்கை, அடுத்த பத்தாண்டின் நடுவில் 30,000-ஐத் தாண்டியது. பத்தாண்டின் தொடக்கத்தில் யாருமே கட்டணம் கட்டாத இடத்தில், அது முடிவதற்குள் பத்தில் ஏழு பேர் கட்டினார்கள். உலக வங்கியும் ராக்பெல்லர் அறக்கட்டளையும் 1999-இல் வெளியிட்ட ஓர் அறிக்கை இதை ‘சத்தமில்லாத புரட்சி’ என்று கொண்டாடியது. கொண்டாட்டத்துக்குக் காரணம் இருந்தது. ஆசிரியர்களின் வருமானம் கூடியது, டாக்ஸி ஓட்டியவர்கள் வகுப்புக்குத் திரும்பினார்கள். கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அரசிடம் கையேந்தாமல் ஒரு பல்கலைக்கழகம் எழுந்து நின்றதைப் பார்த்து மற்ற ஆப்பிரிக்க நாடுகளும் வந்து பாடம் கேட்டுக்கொண்டு போயின.

கட்டணப் பணம் எப்படிப் பிரிந்தது என்று பார்த்தால்தான் பின்னால் வந்ததெல்லாம் விளங்கும். மாணவர் கட்டும் தொகையில் ஒரு பங்கு மைய நிர்வாகத்துக்கு. மீதி, அவரைச் சேர்த்துக்கொண்ட துறைக்கு. துறை அதை வைத்து மாலை வகுப்பு எடுத்தவருக்கு மணிக்கணக்கில் காசு கொடுக்கும், ஊக்கத்தொகை கொடுக்கும், கம்ப்யூட்டர் வாங்கும். அதாவது எந்தத் துறையில் மாணவர் அதிகமோ அந்தத் துறை ஆசிரியருக்கு வருமானம் அதிகம். இப்படி ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, துறைகள் மாணவர் பிடிக்க ஓடும் என்று யாரும் எதிர்பார்க்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

ஓடின. தனியாக ‘புவியியல்’ என்று போட்டால் வர ஆள் இல்லை, ‘சுற்றுலா’ என்று போட்டால் கூட்டம். புவியியல் துறை சுற்றுலாப் பட்டம் நடத்தியது. இப்படி ஒவ்வொரு துறையும் தன் பழைய பாடத்துக்குப் பக்கத்தில் வேலைவாய்ப்பு வாசனை அடிக்கும் ஒரு பட்டத்தை வைத்துக்கொண்டது. ஒரு துறை கண்டுபிடித்த படிப்பை இன்னொரு துறை வேறு பெயரில் நடத்தும். யாருடைய பாடத்தை யார் நடத்துவது என்று சண்டைகூட வந்தது. இந்த ஓட்டத்தில் பின்தங்கியது அறிவியல். காரணம் சாதாரணமானது. கலைப் படிப்புக்கு ஒரு ஹால், ஒரு மைக், ஒரு சாக்பீஸ் போதும். 50 பேருக்கு எடுக்கும் பாடத்தை 500 பேருக்கு எடுக்கலாம், செலவு கூடாது. வேதியியலில் 500 பேருக்கு 500 பியூரெட் வேண்டும். எவ்வளவு சேர்த்தாலும் நஷ்டம்.

அந்த வருடங்களில் மாலை வகுப்பில் படித்தவர்கள் எல்லோரும் சொல்லும் காட்சி ஒன்று உண்டு. ஐந்து மணிக்கு வகுப்பு, நாலரைக்கே இடம் பிடிக்க ஓட்டம். பெஞ்ச் நிரம்பி, படிக்கட்டு நிரம்பி, பிறகு வருகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று நோட்டைச் சுவரில் வைத்து எழுதுவார்கள். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவது தெரியாது, முன்னால் இருப்பவர் தோளைத் தட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். மக்கெரேரே மரங்களில் மராபூ நாரைகள் குடியிருக்கும். உள்ளூர் மொழியான லுகாண்டாவில் ‘கலோலி’. ஆள் உயரத்துக்கு நிற்கும், தலை வழுக்கை, குப்பை தின்னும். மரத்தடியில் நிற்பவர் சட்டைக்கு உத்தரவாதம் கிடையாது. வகுப்பு முடிந்தால் கீழே வண்டெகேயாவுக்கு இறங்கி ஒரு ‘ரோலெக்ஸ்’. கைக்கடிகாரம் இல்லை, முட்டை ஆம்லெட்டைச் சப்பாத்தியில் சுருட்டிக் கொடுப்பது. ‘ரோல்டு எக்ஸ்’ என்பதை வேகமாகச் சொன்னால் வரும் பெயர். இந்தியர்கள் கொண்டுபோன சப்பாத்தி, அமீன் அவர்களைத் துரத்திய பிறகும் அங்கேயே தங்கி, மாணவர்களின் இரவுச் சாப்பாடாகிவிட்டது.

விடுதிகளில் இடம் இல்லாததால் வளாகத்தைச் சுற்றி கிக்கோனி, வண்டெகேயா பகுதிகளில் தனியார் ஹாஸ்டல்கள் முளைத்தன. ஒரு சின்ன நகரமே இந்தக் கட்டண மாணவர்களை நம்பி எழுந்தது என்றால் மிகையில்லை.

இந்த மாற்றத்தைக் கிட்டத்திலிருந்து ஆராய்ந்து எழுதியவர் மஹ்மூத் மம்தானி. 2025-இல் நியூயார்க் மேயர் தேர்தலில் வென்ற ஸொஹ்ரான் மம்தானியின் அப்பா என்றால் சட்டென்று பிடிபடும். மகன் பிறந்ததே கம்பாலாவில்தான். அப்பா குஜராத்தி வம்சாவளி உகாண்டாக்காரர். 1972-இல் அமீன் விரட்டியவர்களில் ஒருவர், பிறகு திரும்பி வந்து மக்கெரேரேயிலேயே பல காலம் வேலை பார்த்தவர். 2007-இல் வெளியான ஆய்வில் அவர் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறார். காசு கட்டும் மாணவரைச் சேர்ப்பது ஒன்று. அந்தக் காசுக்காகப் பாடத்தையே மாற்றி வடிவமைப்பது வேறு. முதலாவதை அவர் எதிர்க்கவில்லை. இரண்டாவது வந்தபோது பல்கலைக்கழகம் உள்ளுக்குள்ளேயே சிதைந்தது என்பதுதான் அவர் குற்றச்சாட்டு. ஆராய்ச்சி செய்தால் பணம் இல்லை, மாலையில் இன்னொரு வகுப்பு எடுத்தால் பணம். ஒரு ஆசிரியர் எதைச் செய்வார்?

எனக்கு அவருடைய பிரிவினை சரியென்றே படுகிறது. ஆனால் ஒன்று. மாலை வகுப்பு இல்லாவிட்டால் அந்த ஆசிரியர் கோழிப் பண்ணைக்குத்தான் போயிருப்பார், நூலகத்துக்கு அல்ல. புரட்சியைப் பாராட்டியவர்கள் மறைத்த விலை ஒன்று உண்டு என்றால், அதைத் திட்டியவர்கள் சொல்லாமல் விட்ட பழைய பசியும் உண்டு.

விலை எங்கே தெரிந்தது? மதிப்பெண் பட்டியலில். நாலு மடங்குக்கு மேல் விடைத்தாள், அதே பழைய அலுவலகம். எழுதிய தேர்வுக்கு மதிப்பெண்ணே பதிவாகாமல் போவது அங்கே தனிப் பெயர் வாங்கும் அளவுக்குச் சகஜமானது, ‘மிஸ்ஸிங் மார்க்ஸ்’. மூன்று வருடப் படிப்பை முடித்து, விருந்து வைத்து, ஊரிலிருந்து பாட்டியை அழைத்து வந்த பிறகு, பட்டமளிப்புப் பட்டியலில் பெயர் இல்லை என்று தெரியவரும். இரண்டாம் வருடத்தில் ஒரு தாளுக்கு மார்க் காணோம். ஆசிரியரைத் தேடினால் அவர் வெளிநாடு போயிருப்பார். துறை அலுவலகம் பதிவாளரிடம் போகச் சொல்லும், பதிவாளர் துறைக்கே திருப்பி அனுப்புவார். சரி, மறுபடி எழுதித் தொலைப்போம் என்று ‘ரீடேக்’குக்குப் பணம் கட்டுகிறவர்களும் உண்டு. அரியர் எழுதி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த அலைச்சல் புரியும், ஆனால் பாஸ் பண்ணிய தாளுக்கு அரியர் எழுதுவது கொஞ்சம் அதிகம். இப்படி ஓட்டை இருக்கும் இடத்தில் காசு கொடுத்து மதிப்பெண் திருத்துவதும் நுழையும். 2017-இல் அது வெளியே வந்து ஊழியர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

கட்டணப் பணத்தில் ஊக்கத்தொகை கொடுத்தே பழகிய ஏற்பாடு 2016-இல் முட்டிக்கொண்டு நின்றது. பல மாத ஊக்கத்தொகை பாக்கி விழுந்ததும் ஆசிரியர்கள் வகுப்புக்குப் போகவில்லை. ஆசிரியர் இல்லாத வகுப்புக்குக் கட்டணம் கட்டியிருந்த மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி முசெவேனி பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார். இரண்டு மாதம் கழித்துத்தான் திறந்தது.

இதற்கிடையில் அரசு மாணவர்கள் என்ற வகை ஒழியவில்லை. வருடத்துக்குச் சுமார் 4,000 பேருக்கு, எல்லா அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து, முழு உதவித்தொகை உண்டு. பெரும்பங்கு தேசிய அளவிலான மதிப்பெண் தகுதிக்கு. அடுத்து மாவட்ட ஒதுக்கீடு. மாற்றுத்திறனாளிகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் சில பத்து இடங்கள். இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. உகாண்டாவின் பன்னிரண்டாம் வகுப்பு போன்ற ‘சீனியர் சிக்ஸ்’ தேர்வில் உச்ச மதிப்பெண் வாங்குகிறவர்கள் யார்? பூடோ, கயாஸா, கிசுபி, நமகுங்கா மாதிரிப் பெயர்பெற்ற உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்கள். அங்கே பிள்ளையைப் படிக்க வைக்க வசதி வேண்டும். கிராமத்து அரசுப் பள்ளியில், ஆய்வகம் இல்லாமல் படித்தவர் ஒன்றிரண்டு புள்ளியில் தவறி, மாடு விற்று மாலை வகுப்பில் சேருகிறார். வசதி உள்ளவருக்கு இலவசம், இல்லாதவருக்குக் கட்டணம். இதற்குப் பரிகாரமாகத்தான் மாவட்ட ஒதுக்கீடும் பிறகு கல்விக் கடன் திட்டமும் வந்தன. பரிகாரம் சின்னது, தோஷம் பெரியது.

ஒரு பரிகாரம் பலித்தது. 1990 முதல் பெண்களுக்குச் சேர்க்கையில் 1.5 புள்ளி கூடுதலாகக் கொடுத்தார்கள். அதன் பலனும் பெரும்பாலும் நகரத்து நல்ல பள்ளிப் பெண்களுக்கே போனது என்ற விமர்சனம் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் எண்ணிக்கை ஏறியது. 1945-இல் ஆறு பேரோடு தொடங்கிய கணக்கில், அண்மை ஆண்டுகளின் பட்டமளிப்பு விழாக்களில் பெண்கள் ஆண்களை முந்திவிட்டார்கள்.

கதவைத் தட்டும் கூட்டமும் குறையவில்லை. 1997-இல் ஆரம்பக் கல்விக் கட்டணத்தை அரசு நீக்கியது. ஒரே வருடத்தில் பள்ளிப் பிள்ளைகள் சுமார் 30 லட்சத்திலிருந்து 50 லட்சத்துக்கு மேல் போனார்கள். அந்த அலை பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து உயர்கல்வி வாசலுக்கு வந்தது. அதற்குள் ம்பரரா, குலு, கியாம்போகோ, புசிதேமா என்று அரசுப் பல்கலைக்கழகங்கள் வந்திருந்தன. திருச்சபைகள், இஸ்லாமிய அமைப்புகள், வியாபாரிகள் ஆரம்பித்த தனியார் பல்கலைக்கழகங்கள் பல. 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த தேசிய உயர்கல்வி மன்றம் எல்லாவற்றுக்கும் மேற்பார்வை. இருந்தாலும் ஊரில் ஒரு பையன் ‘யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்துவிட்டது’ என்றால், கேட்பவரின் முதல் கேள்வி, ‘மக்கெரேரேயா?’

2018-இல் பல்கலைக்கழக மன்றம் கட்டணத்தை ஐந்து வருடத்துக்கு, வருடம் 15 சதவீதம் வீதம் ஏற்ற முடிவு செய்தது. கேட்க 15 சின்ன எண். ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேருகிறவர்கள் முந்தின வருடத்தைவிட 15 சதவீதம் கூடுதலாகக் கட்டினால், ஐந்தாம் வருடத்தில் சேருகிறவர் கட்டுவது இரண்டு மடங்கு. 2019 அக்டோபரில் மாணவிகள் முன்னால் நின்று ஊர்வலம் போனார்கள். ராணுவம் இரவில் விடுதிகளுக்குள் புகுந்து கதவுகளை உடைத்தது. லுமும்பா விடுதியும் அதில் தப்பவில்லை. ஆண்களின் லுமும்பாவும் பெண்களின் மேரி ஸ்டுவர்ட்டும் சேர்ந்து ‘லும்பாக்ஸ்’ என்று கொண்டாடும் விடுதிகள், கேலிக்கும் போராட்டத்துக்கும் பேர்போனவை.

இப்போது முதல் கேள்விக்கு மறுபடி விடை மாறிக்கொண்டிருக்கிறது. 2005 வாக்கிலேயே அரசு தன் உதவித்தொகை இடங்களில் பெரும்பகுதியை அறிவியல் படிப்புகளுக்குத் திருப்பிவிட்டது. கலைப் படிப்புகளால் நாட்டுக்குப் பிரயோஜனம் இல்லை என்று முசெவேனி மேடைக்கு மேடை பேசுகிறார். அந்தப் படிப்புகள் எப்படிப் பெருகின என்பதை அவர் சொல்வதில்லை. பணம் கொடுக்க மாட்டேன், நீயே சம்பாதித்துக்கொள் என்று அரசு கைவிட்டபோது, சாக்பீஸில் ஓடும் பாடங்களை விற்றுத்தான் பல்கலைக்கழகம் பிழைத்தது. இப்போது விற்ற சரக்கைப் பற்றி விற்கச் சொன்னவரே குறை சொல்கிறார்.

அறிவியலில் பணம் போட்டால் பலன் வராமல் இல்லை. மக்கெரேரே மாணவர்களும் ஆசிரியர்களும் 2011-இல் இரண்டு பேர் உட்காரும் ஒரு மின்சாரக் காரைச் செய்து ஓட்டிக் காட்டினார்கள். அதிலிருந்து கிளைத்த அரசு நிறுவனம் இப்போது பஸ் செய்கிறது. இன்னொரு குழு, காற்று மாசை அளக்க மலிவான கருவியைச் செய்தது. வெளிநாட்டுக் கருவிகள் கம்பாலாவின் தூசிக்கும் வெயிலுக்கும் தாங்காது, விலையும் கட்டாது. இவர்களுடைய கருவியை போடா-போடா என்ற வாடகை மோட்டார் சைக்கிளில் கட்டிவிடலாம். வண்டி சந்துபொந்தெல்லாம் போகும், கருவி கணக்கு எடுத்துக்கொண்டே வரும். 2019-இலிருந்து அரசு ஆண்டுக்கு 30 பில்லியன் ஷில்லிங் அளவில் ஆராய்ச்சி நிதி ஒதுக்கத் தொடங்கியதும், வெளிநாட்டு நன்கொடையை மட்டும் நம்பியிருந்த ஆய்வாளர்களுக்கு மூச்சு வந்தது.

2020 செப்டம்பர் 20-ஆம் தேதி விடியற்காலையில், 1941-இல் திறந்த வெள்ளை நிறப் பிரதானக் கட்டடம் தீப்பிடித்தது. கூரை முழுக்கப் போனது. படித்தவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து போனில் அந்தப் படத்தைப் பார்த்து அழுதார்கள். காசு போட்டார்கள், அரசும் கொடுத்தது. சுவரை வைத்துக்கொண்டு உள்ளே புதிதாகக் கட்டி, 2024-இல் திறந்தார்கள். 2022-இல் நூற்றாண்டு விழா நடந்தபோது அது சாரம் கட்டிய எலும்புக்கூடாக நின்றது.

இரண்டு கணக்கு இப்போது மாணவர் பக்கத்திலிருந்து ஆசிரியர் பக்கத்துக்கு வந்திருக்கிறது. 2022-இல் அறிவியல் பட்டதாரிப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 40 லட்சம் ஷில்லிங் என்று அரசு ஏற்றிவிட்டது. கலைப் பாட ஆசிரியர்கள் பழைய சம்பளத்தோடு வேலைநிறுத்தம் செய்து, வெறும் கையோடு திரும்பினார்கள். பல்கலைக்கழகத்திலும் அதே கதை. அறிவியல் பேராசிரியருக்கு 150 லட்சம் ஷில்லிங், வரலாறோ இலக்கியமோ நடத்தும் பேராசிரியருக்கு அதைவிட வெகு கீழே. இருவருக்கும் ஒரே பதவி, ஒரே அனுபவம். 1990-களில் மாலை வகுப்பு எடுத்துத் துறைகளின் பெட்டியை நிரப்பியவர்கள் பெரும்பாலும் இந்தக் கலைத்துறைக்காரர்கள்தான். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வரும்போது, சிலர் அதைப் பிரித்துப் பார்க்காமலே மேசை டிராயரில் போட்டு மூடிவிட்டு, ஐந்து மணி வகுப்புக்குக் கிளம்புகிறார்கள்.